உள்பேச்சு

எங்க சாதிப் பேர இங்க எழுதப் போறதில்ல. வெக்கமும் இல்ல, பயமும் இல்ல. எழுதுன மறு நிமிசம் படிக்கிற நீங்களும் சேரை இழுத்துப் போட்டு உக்காந்து விசாரணைய ஆரம்பிச்சிருவீக, அதான். "அவங்க மலையிலல்ல இருப்பாங்க, மதுரையில எப்படி?" "அந்தம்மாவப் பாத்தா அப்படித் தெரியலையே." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. பழங்குடின்னு மட்டும் தெரிஞ்சுக்கங்க, போதும். மலையில தேனும் கெழங்கும் எடுத்துக்கிட்டுக் கெடந்த சனத்த அங்கேருந்து வெரட்டி விட்டாக. எங்கப்பாவோட தாத்தா காலத்துல கீழ எறங்கி, கல்லுப்பட்டி பக்கம் அடுத்தவுக பருத்திக்காட்டுல கூலிக்கு நின்னோம். இப்ப திருநகரத் தாண்டி ஒரு காலனியில இருக்கோம். எங்கப்பா லோடுமேன் வேலை பாத்து ஓய்ஞ்சவரு. நான் ஆரப்பாளையத்துல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறேன். வீட்டுக்காரரு வேன் ஓட்டுறாரு, பாதி நாளு ரோட்டுலதான். அவரும் எங்க சனந்தான். எங்களுக்கு ஒரே மக.

அந்த மகளுக்கு மாட்டு டாக்டராகணும்னு ஆசை. சின்னதுலருந்தே அப்படித்தான். தெருவுல அடிபட்டுக் கெடக்குற நாயெல்லாம் எங்க வீட்டுத் திண்டுலதான் கெடக்கும். பன்னெண்டாவதுல நல்ல மார்க்கும் எடுத்துட்டா. பழங்குடி சர்ட்டிபிகேட் இருந்தா கவர்மெண்டு காலேஜுல சீட்டு நிச்சயம். இல்லன்னா இல்ல. கவுன்சிலிங்குக்கு நாள் நெருங்கிக்கிட்டு இருக்கு. சர்ட்டிபிகேட் கேட்டு எழுதிப் போட்டா, "நீங்க பழங்குடின்னு எப்படி நம்புறது, வீட்டுக்கு வந்து விசாரிப்போம்"னு பதில் வருது.

அவுக சந்தேகப்பட ஒரு காரணம் வச்சிருந்தாக. வீட்டுக்காரரு பள்ளிக்கூடப் பக்கமே போகாதவரு, என் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டுலயோ வேற சாதி இருக்கு. என்னைச் சேக்கப் போனப்ப வாத்தியாரு சாதி என்னன்னு கேட்டிருக்காரு. எங்கப்பா தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னுருக்காரு. சொன்னா புள்ளைய எங்க உக்கார வைப்பாகளோ, என்ன பேரு வச்சுக் கூப்புடுவாகளோன்னு பயம். வாத்தியாரு கொஞ்ச நேரம் பாத்துட்டு, அந்த ஊருல கண்ணுல பட்ட ஒரு சாதியத் தானே எழுதிக்கிட்டாரு. எங்கப்பா "சரிங்க"ன்னுட்டாரு. அம்புட்டுத்தான். ஒரு "சரிங்க"வுல நான் வேற ஆளாப் போயிட்டேன். நர்சிங் படிக்கணும்னு ஆசைப்பட்டேன், கெடைக்கல. லேப்புக்கு வந்தேன். வாற ஆளுகளோட ரத்தத்த எடுத்து எடுத்து டியூப்புல அடைக்கிறேன். அதுல ஒரு சாதியும் எனக்குத் தெரிஞ்சதில்ல.

எங்க வீட்டுல ரெண்டு பேச்சு உண்டு. ஒண்ணு தமிழ். இன்னொண்ணு எங்க சனத்தோட பேச்சு. அதுக்கு எழுத்து கெடையாது, எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லித் தாரதில்ல. நாங்க அதை உள்பேச்சுன்னு சொல்லுவோம். கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பெறகுதான் அது வாயில வரும். கதவு தொறந்திருந்தா தமிழ். இது எங்கப்பா போட்ட சட்டம். பால்காரரு கதவத் தட்டுனா பாதிப் பேச்சுல நிறுத்தி, மிச்சத்த தமிழ்ல முடிப்போம். பஸ்ஸுல போன் வந்தா தமிழ். ஆஸ்பத்திரியில, கோயில்ல, துஷ்டி வீட்டுல எல்லாம் தமிழ். துஷ்டி வீட்டுல எங்க பொம்பளைக ஒப்பாரி வைக்கிறது கூட தமிழ்லதான். வெளியாளுக எல்லாரும் போன பெறகு கதவச் சாத்திக்கிட்டு இன்னொரு தடவ, எங்க பேச்சுல அழுவாக. ஒரே சாவுக்கு ரெண்டு அழுகை. எங்க காலனியில பொறந்த புள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லித் தரவே வேணாம். கதவு தொறந்துச்சுன்னா நாக்கு தானாத் திரும்பிக்கிரும்.

நான் ஒருக்கா மறந்துட்டேன். அஞ்சாறு வயசு இருக்கும். வாசல்ல நின்னுக்கிட்டு எங்கம்மாவ உள்பேச்சுல கூப்புட்டேன். எங்கப்பா ஓடியாந்து என் வாயிலயே ஒண்ணு போட்டாரு. எதுக்கும் கை நீட்டாத மனுசன் அவரு.

ஏன் அடிச்சாருன்னு பின்னாடி எங்கம்மா சொன்னா. எங்க பெரியப்பா இளவட்டமா இருந்தப்ப பஸ் ஸ்டாண்டுல கூட்டத்துக்குள்ள நின்னு தம்பியக் கூப்புட்டிருக்காரு, உள்பேச்சுல. அன்னைக்குப் பாத்து அக்கம்பக்கத்துல எங்கேயோ களவு போயிருந்துச்சு. எங்க சனம்னாலே களவாணிப் பயலுகன்னு ஒரு நெனப்பு. பேச்ச வச்சே அடையாளம் கண்டு போலீசுக்காரக அவரக் கூட்டிட்டுப் போனாக. திரும்பி வாறப்ப ஒரு காது போயிருச்சு. சாகுற வரைக்கும் அந்தக் காது கேக்கல. களவாண்டவன் வேற எவனோ. யாரும் வந்து ஒரு வார்த்தை கேக்கல. அவரு கூப்புட்ட தம்பிதான் எங்கப்பா. கூட்டத்துக்குள்ள பதில் கொரல் குடுக்காம நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. இதையெல்லாம் கேட்ட பெறகும் அவரு மேல கோவப்பட முடியுமா? எனக்கு வேற ஆளுக மேல கோவம் வந்துச்சு. அது இன்னும் எறங்கல.

தமிழ்ல எங்கப்பா ஒரு வாயில்லாப் பூச்சி. "ஆமாங்க. சரிங்க. ஆகட்டுங்க." இதுக்கு மேல வராது. லோடு ஏத்துற எடத்துல அவர ஊமைன்னு நெனச்சவுக உண்டு. தாழ்ப்பாள் விழுந்துருச்சுன்னா அவரு வேற ஆளு. என்னா கேலி, என்னா நக்கல்! சாயங்காலமானா டிவியில சீரியல் ஓடும். அவரும் என் மகளும் பாயில உக்காந்து, சத்தத்தக் கொறச்சு வச்சுக்கிட்டு, மாமியாக்காரி வாயத் தொறக்கும்போதெல்லாம் உள்பேச்சுல இவுக வசனம் பேசுவாக. மாமியா மருமகள வைய மாட்டா, ஆட்டுப் புழுக்க வெலை கேட்டுக்கிட்டு இருப்பா. என் மக சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறி உருளுவா. எங்கம்மா அடுப்படியிலருந்து ரெண்டு பேரையும் வைவா, அதுவும் உள்பேச்சுலதான். என் வீட்டுல சந்தோசம்னா எனக்கு அந்த ஒரு மணி நேரந்தான்.

விசாரணைக்கு வாராகன்னு சேதி வந்ததும் எங்க சங்கத்துத் தலைவரு வீட்டுக்கு வந்தாரு. எல்லாருக்கும் அண்ணன், எனக்கும் அண்ணன். பாவம், நல்ல மனுசன், நாய் படாத பாடு படுறவரு.

"தங்கச்சி, நான் சொல்றத கோவப்படாமக் கேளு. அந்த பிரிட்ஜ பக்கத்து வீட்டுல கொண்டு போய் வையி. பைக்க தெருமுனையில நிறுத்து. பாப்பாவுக்குக் கழுத்துல பாசிமணி போட்டு விடு. நம்மகிட்ட ஒரு மொசல் வலை இருக்கு, குடுத்து விடுறேன், செவுத்துல மாட்டிரு."

"யாருண்ணே மொசல் புடிக்கிறது? எங்கப்பாவா? அவரால மாத்திரைய டப்பாவுலருந்து புடிக்க முடியல."

"நீ பேசுவ. போன மாசம் ஒரு வீட்டுல மாட்டி வச்சோம், வேலை நடந்துச்சு."

"வேசம் கட்டச் சொல்றீகளா?"

"வேசந்தான். வேசம் கட்டுனாத்தான் நம்ம ஆள நம்ம ஆளுன்னு நம்புறாக. நான் என்னத்தா பண்ணட்டும்?"

அவர வஞ்சு அனுப்பிட்டேன். அவரு மேல தப்பில்லன்னு தெரியும், ஆனாலும் பத்திக்கிட்டு வந்துச்சு. இருக்குற ஆளுக்கே இருக்குற ஆளு மாதிரி நடிக்கச் சொல்லித் தாராகளே, இந்தக் கருமத்த எங்கிட்டுப் போய்ச் சொல்ல?

எங்கம்மா கதை அதுக்கு நேரெதிரு. ஆபீஸர் வாராருன்னதும் அவளுக்குக் காலு தரையில நிக்கல. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சா. கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டா. பந்தல்காரர்கிட்ட ரெண்டு சேரு வாங்கிப் போட்டா. பேத்திக்குத் தலை நெறைய மல்லியப்பூ வச்சு, பொண்ணு பாக்க வாற மாதிரி நிப்பாட்டிட்டா. "ஏம்மா, நாம வசதியில்லாத சனம்னு காட்டணுமாம்"னேன். "அதுக்காக அசிங்கமா இருக்கச் சொல்றியா? வாறவன் நம்மளப் பத்தி என்ன நெனப்பான்?"னு கேட்டா. அவ ஆயுசு பூரா வாறவன் என்ன நெனப்பான்னே வாழ்ந்தவ. பக்கத்து வீட்டுக்காரி மூக்கச் சுளிக்கக் கூடாதுன்னு வாழ்ந்தவ. ஒரே நாள்ல மாறிக்கன்னா எப்படி மாறுவா?

காலையில பதினோரு மணி வாக்குல வந்தாக, ரெண்டு பேரு. வீட்டுக்காரரு அன்னைக்கும் வேனோட வெளியூருல. ஒருத்தரு ஆபீஸரு. இன்னொருத்தரு பழங்குடிகளப் பத்திப் படிச்ச பேராசிரியராம், கண்ணாடி போட்டுக்கிட்டு, தோள்ல ஒரு பையோட. பேராசிரியரு வாசல்ல செருப்பக் கழட்டுனாரு. ஆபீஸரு கழட்டல. பூட்ஸோட உள்ள வந்து, சேருல உக்காராம, வெலைக்கு வாங்க வந்த மாதிரி வீட்டச் சுத்திப் பாத்தாரு. வாசல்ல பாதித் தெரு கூடியிருச்சு. அண்ணன் அங்கிட்டு நின்னு கையப் பெசையுறாரு.

அந்த ஆளு நேரா போயி பிரிட்ஜத் தொறந்தாரு. கேக்கல, கொள்ளல. அடுத்தவன் வீட்டு பிரிட்ஜ்.

"பிரிட்ஜெல்லாம் வச்சிருக்கீங்க?"

"ஆமா சார். மாவு புளிச்சுப் போகுதுல்ல. உங்க வீட்டுல இல்லையா சார்?"ன்னேன். எங்கம்மா பின்னாடிலருந்து என் இடுப்புல கிள்ளுனா.

எங்கப்பா பக்கம் திரும்புனாரு. "வேட்டைக்குப் போவீங்களா பெரியவரே?"

"இல்லீங்க."

"தேன் எடுக்கத் தெரியுமா?"

"இல்லீங்க."

"எலி கிலி சாப்பிடுற பழக்கம் உண்டா?"

எங்கப்பா வாயத் தொறக்குறதுக்குள்ள எங்கம்மா முந்திக்கிட்டா. "ச்சீச்சீ! என்ன சார் நீங்க? சாம்பார், ரசம், ஞாயித்துக்கெழமையானா கோழி. அம்புட்டுத்தான்."

என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன். அறுப்பு முடிஞ்சதும் வயக்காட்டு எலிய மிளகு போட்டு எங்கம்மா வறுத்தா அடுத்த தெரு வரைக்கும் மணக்கும். யாரும் கேட்டா காடைன்னு சொல்லுவா. அந்தப் பொய்யச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அதான் நெசமாப் போச்சு. சாம்பார்னு சொன்னா மரியாதை, எலின்னு சொன்னா அசிங்கம்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? இவுகதான். இப்ப எலி தின்னாத்தான் சீட்டுன்னு வந்து நிக்கிறதும் இவுகதான்.

"சார், ஒண்ணு கேக்கவா?"ன்னேன். "உங்க தாத்தா ஏரு ஓட்டியிருப்பாரு. உங்களுக்கு ஏரு புடிக்கத் தெரியுமா? தெரியலைன்னு உங்க சாதிய யாரும் புடுங்கிட்டாகளா? நாங்க மட்டும் வலை புடிக்கணும், தேன் எடுக்கணுமா? நாங்க மலைய விட்டு எறங்கி வந்தோம்னா சொல்றீக? எறக்கி விட்டீக சார்."

"பேச்சைக் கொறைங்கம்மா. நாங்க கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

பேராசிரியரு கொஞ்சம் நல்ல மாதிரி. "அதெல்லாம் விடுங்க சார்"னு சொல்லிட்டு எங்கப்பாகிட்ட வந்து குனிஞ்சு, "ஐயா, உங்களுக்குன்னு ஒரு பாஷை இருக்குல்ல? அதுல நாலு வார்த்தை பேசுங்க. அது போதும்"னாரு.

எனக்கு உசுரு வந்துச்சு. இது ஒண்ணு எங்ககிட்ட உண்டே! வலை வாடகைக்குக் கெடைக்கும், பாசிமணி கடையில கெடைக்கும், இது எங்கயும் கெடைக்காதே!

எங்கப்பா வாசலப் பாத்தாரு. கதவு ஆன்னு தொறந்து கெடக்கு. தெரு பூரா நிக்குது. முன்னால ஆபீஸரு நிக்கிறாரு, காக்கி இல்ல, ஆனா அதே நிப்பு. எங்கப்பா ஒதடு அசையுது, சத்தம் வரல.

"தண்ணிக்கு என்ன சொல்லுவீங்க ஐயா?"

"தண்ணிங்க."

"உங்க பாஷையில?"

"தண்ணிதாங்க."

வாசல்ல எவனோ சிரிச்சான். என் மகளுக்குப் பொறுக்கல. மடமடன்னு முன்னாடி வந்து வாயத் தொறந்தா. ஒரு எழுத்து வந்திருக்கும், எங்கப்பா "ஏய்!"னு போட்டாரு ஒரு அதட்டு. அந்த அதட்டுல நானே அஞ்சு வயசுப் புள்ளையாகி வாயப் பொத்திக்கிட்டேன். அவ அப்படியே நின்னுட்டா. கண்ணுல தண்ணி கட்டிருச்சு. எங்கம்மா, "காப்பி போடட்டுமா சார்?"ங்குறா, நல்ல சுத்தமான தமிழ்ல.

ஆபீஸரு பேராசிரியரப் பாத்துச் சிரிச்சாரு. "பாத்தீங்களா? ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிருங்கம்மா, எதுக்கு எங்க நேரத்தை வீணாக்குறீங்க? ஒரு பாஷையப் பேசுறவங்க ஏன் பேசப் பயப்படணும்?"

ஏன் பயப்படணுமாம்! சொன்னேன். பெரியப்பா காதப் பத்திச் சொன்னேன். தாழ்ப்பாளப் பத்திச் சொன்னேன். எதுக்கு எங்க நாக்கு திரும்பலைன்னு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி சொன்னேன். "இதெல்லாம் எல்லா வீட்டுலயும் சொல்ற கதைம்மா"ன்னு பேனாவ மூடுனாரு. மூடி சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு. என் மக படிப்பு அந்தப் பைக்குள்ள போயிருச்சு.

எனக்கு என்ன வந்துச்சோ தெரியாது. விறுவிறுன்னு போனேன், வாசல்ல நின்ன சனத்த "போங்க எல்லாரும்"னு நெட்டித் தள்ளுனேன். கதவச் சாத்துனேன். தாழ்ப்பாளப் போட்டேன். சன்னலயும் சாத்துனேன். ஆபீஸரு உள்ள, பேராசிரியரு உள்ள, நாங்க நாலு பேரும் உள்ள. வைகாசி மாச வெயிலு, பேன் வேற சுத்தல, கரண்டு இல்ல.

"என்னம்மா பண்றீங்க? கதவத் தொறங்க!"

நான் தொறக்கல. கதவுல முதுகச் சாச்சு நின்னுக்கிட்டேன். முதல்ல வாயத் தொறந்தது எங்கப்பாதான். உள்பேச்சுல என்னய ஏறுனாரு பாருங்க, அந்த மாதிரி வசவ என் ஆயுசுல வாங்குனதில்ல. வெளியாள வீட்டுக்குள்ள வச்சுக் கதவச் சாத்துற, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா, நாளைக்கு இவுக ஜீப்போட வந்தா உன் புருசனா வந்து நிப்பான்னு போகுது பேச்சு. நானும் விடல. நீ பேசாம நின்னதுலதான் நான் கெட்டேன், இப்ப என் மகளும் கெடணுமான்னு அதே பேச்சுல திருப்பிக் குடுத்தேன். எங்கம்மா ரெண்டு பேருக்கும் நடுவுல பூந்து, காப்பி கொதிக்குது, பெரிய மனுசன் முன்னால இப்படியா கத்துவீகன்னு அவளும் உள்பேச்சுலயே கத்துனா. என் மக அழுதுக்கிட்டே அவரு தோளப் புடிச்சு ஆட்டி, விடு தாத்தா, இந்தாளப் பாரு, பிரிட்ஜத் தொறந்துட்டு இப்ப ஐஸ் மாதிரி உருகுறாருன்னா.

எங்கப்பா திரும்பிப் பாத்தாரு. ஆபீஸரு சட்டை தொப்பமா நனைஞ்சு நிக்கிறாரு. எங்கப்பாவுக்கு அவரையும் மீறி வந்துருச்சு. அந்த ஆளு வயித்தப் பத்தி உள்பேச்சுல ஒண்ணு சொன்னாரு. அதை இங்க எழுத முடியாது. எங்கம்மா முந்தானைய வாயில வச்சு அடக்கிப் பாத்தா, முடியல. நாங்க நாலு பேரும் சிரிச்சோம். அழுதுக்கிட்டே சிரிச்சோம். ஒண்ணும் புரியாம பேராசிரியரும் சிரிச்சாரு.

அப்பத்தான் எங்கப்பா பாத்தாரு. பேராசிரியரு கையில போனு. நீட்டிப் புடிச்சிருக்காரு. எங்கப்பா வசவு, எங்கம்மா கூப்பாடு, அந்தக் கேலி, அம்புட்டும் அதுக்குள்ள பதிஞ்சுக்கிட்டு இருக்கு. எங்கப்பா சிரிப்பு பாதியில நின்னுச்சு. அந்தப் போனையே பாத்தாரு. எந்திரிச்சு, அவரே போயித் தாழ்ப்பாள நீக்கிக் கதவத் தொறந்து விட்டுட்டு, "வாங்க சார்"னாரு தமிழ்ல.

"அருமை, அருமை! இது போதும்"னாரு பேராசிரியரு. ஆபீஸரு என்னய மொறச்சுப் பாத்துட்டுப் போனாரு. போலீசுல சொல்லுவாரோன்னு நெனச்சேன், சொல்லல. பேராசிரியரு தடுத்திருப்பாரு போல. கவுன்சிலிங்குக்கு முந்தி சர்ட்டிபிகேட் வந்துருச்சு. மகளுக்கு சீட்டும் கெடைச்சுருச்சு. காலனியே வந்து கேசரி தின்னுட்டுப் போச்சு. அண்ணன் எல்லாருகிட்டயும், "வலையெல்லாம் வேணாம்யா, கதவச் சாத்துங்க, சண்ட போடுங்க"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு.

சர்ட்டிபிகேட் வந்த அன்னைக்கு வீட்டுக்குள்ள போயி கதவச் சாத்தி, எங்கப்பாகிட்ட உள்பேச்சுல சொன்னேன், வந்துருச்சுப்பான்னு.

"ரொம்பச் சந்தோசம்ங்க"ன்னாரு.

கேலி பண்றாருன்னு நெனச்சேன். சாயங்காலம் சீரியல் ஓடுச்சு. மக பாயில போயி உக்காந்து, மாமியாக்காரி வந்ததும் அவ பங்குக்கு ஒரு வசனத்த எடுத்து விட்டா. எங்கப்பா டிவியப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அவ அவரு தொடையத் தட்டுனா. "சத்தமா வைங்க பாப்பா, கேக்கல"ன்னாரு. தமிழ்ல. மறுநாளும் அப்படித்தான், அதுக்கு மறுநாளும். எங்கம்மாகிட்ட கூட தமிழ்தான். கல்யாணமாகி வந்த நாள்லருந்து வீட்டுக்குள்ள உள்பேச்சே பேசுன புருசன் திடீர்னு "சோறு போடுங்க"ன்னா அவ என்ன பண்ணுவா? ஒரு நா அடுப்படியில ஒக்காந்து அழுதா. இவரு வந்து தண்ணி மொண்டு குடிச்சுட்டுப் போறாரு.

இதுக்கு நடுவுல பேராசிரியரு போன் பண்றாரு. உங்கப்பா பேச்ச முழுசாப் பதிவு பண்ணணும், அழிஞ்சு போற பாஷைம்மா, பொக்கிஷம்மாங்குறாரு. "அழிஞ்சு போகுதா? அது தானா அழியுதா சார்?"னு கேட்டேன். போன வச்சுட்டேன். நல்ல மனுசன்தான். நல்ல மனுசனையும் வைய வேண்டிய நெலமையில எங்கள வச்சிருக்காக.

மக காலேஜ் ஆஸ்டலுக்குக் கெளம்புற அன்னைக்கு, பெட்டியெல்லாம் கட்டி முடிச்சு, அவளே போயிக் கதவச் சாத்துனா. அவரு முன்னால தரையில உக்காந்து, அவரு ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு உள்பேச்சுல கேட்டா, ஒரே ஒரு வார்த்தை தாத்தா, வையவாச்சும் செய்யின்னு.

"நல்லாப் படிங்க பாப்பா. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க"ன்னாரு.

நான் கத்திட்டேன். "என்னப்பா ஒனக்கு? அம்புட்டும் இவளுக்காகத்தான பண்ணுனேன்! எனக்குத் தண்டனை குடு, இவளுக்கு ஏன் குடுக்குற?"

அவரு கோவப்படல. கோவப்பட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். ஆபீஸருக்குப் பதில் சொல்ற மாதிரி, எந்திரிச்சு நின்னு, மெதுவாச் சொன்னாரு.

"அது ஆபீஸ்ல குடுத்தாச்சுங்கம்மா. இனி அது ஆபீஸ் பேச்சு. நம்ம வீட்டுக்குள்ள நமக்குன்னு ஒரு பேச்சு வேணும்ல? நாம தமிழ்ல பேசிக்கிருவோம்."

மக ஓன்னு அழுதா. எனக்கு அழுகை வரல. சர்ட்டிபிகேட்ட எடுத்துட்டுப் போயி அந்த ஆபீஸரு மூஞ்சியில வீசிட்டு, எங்கப்பா பேச்சத் திருப்பிக் குடுய்யான்னு சட்டையப் புடிக்கணும்போல இருந்துச்சு. வீசல. அதோட ஜெராக்ஸ் ஆறு எடுத்து மக பெட்டியில வச்சு, பஸ்ஸேத்தி விட்டுட்டு வந்தேன்.